மாட வீதியில் மாட்டிய டிரெய்லர்

மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பனியன் துணியால் வெயிலில் காய்ந்த இரும்பைத் தேய்த்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், பெயிண்டும் கிரீஸும் துருவும் கலந்து மூக்கில் ஏறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதுதான் எனக்குப் பள்ளி விடுமுறையின் வாசனை. மற்றப் பிள்ளைகளுக்கு மாங்காய் உண்டு, பட்டம் உண்டு, கடற்கரை உண்டு. எனக்குப் பட்டாளத்து டிரெய்லர்தான். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

என் அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் கொஞ்சம் காலி இடம் இருந்ததுதான் அவருடைய எல்லாக் கிறுக்குக்கும் காரணம் என்று அம்மா சொல்வாள். ராணுவத்தில் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார்களே, எஞ்சின் கிடையாது, டிரைவர் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒரு தொட்டியும் முன்னால் நீட்டிய ஒரு கையும் மட்டும் உள்ள வண்டி, அது பழசாகிவிட்டால் கழித்து ஏலத்தில் விடுவார்கள். "டிஸ்போசல்" என்பார்கள் அதை. ஏலத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய இரும்பு வியாபாரிகள். எடுத்த கையோடு வண்டியை கேஸ் நெருப்பு வைத்துத் துண்டு துண்டாக வெட்டிவிடுவார்கள். "வெட்டறதுக்குள்ள நாம போயிடணும்" என்று அப்பா அலறிக்கொண்டு கிளம்புவார். அவருக்குத் துணை, ராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஜாஃபர் பாய். இழுத்து வர பாயின் ஜீப். மூன்றாவது ஆள் நான்.

போய் இறங்கியதும் அப்பா வண்டியின் நம்பர் தகட்டைத் தேடுவார். மேல்நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தால் நம் பட்டாளத்து வண்டி. பிறகு காசால் ஓர் ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டுவார். பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்கும் கீழே மணல் நிறம் வந்துவிட்டால் மனிதர் காசைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவார். "பாப்பா, இது பாலைவனம் பார்த்த வண்டிடா!" என்பார். நான் சின்ன உடம்பாக இருந்ததால் அடியில் படுத்து ஊர்ந்து போய் அச்சைப் பார்த்துச் சொல்வது என் வேலை. தொட்டியின் தரையில் திருகிக் கழற்றுகிற மூடி இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் அது பழைய ஜீப் டிரெய்லர், ஆற்றில் இறக்கினால் படகாக மிதக்கும் ஜாதி. அப்படி ஒன்று அகப்படாதா என்று ஏங்கி ஏங்கியே அப்பா வேறு இரண்டைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றி நிறுத்தியிருந்தார்.

அம்மா அவற்றுக்கு வைத்த பெயர் "அனாதை வண்டி". "மாடு வாங்காம வண்டி மட்டும் வாங்கற ஆள இந்த மெட்ராஸ்ல எங்கனா பார்த்துகிறியா?" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்பாள். வாசல் கதவை அடைத்துக்கொண்டு ஒன்று, மாடிப்படியை அடைத்துக்கொண்டு ஒன்று. ஒருநாள் பொறுமை போய்விட்டது. "இன்னொன்னு வந்துச்சு, மூணையும் சேர்த்துப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டுடுவேன். கபாலி மேல சத்தியம்!" என்றாள். எங்கள் அம்மா பொய்ச்சத்தியம் பண்ணுகிறவள் அல்ல. அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

அடுத்த மாதமே மிதக்கும் வண்டி அகப்பட்டுவிட்டது! பல்லாவரம் பக்கத்து ஏலத்தில், புதர் மூடிக் கிடந்தது. நான்தான் உள்ளே குதித்துக் குப்பையை ஒதுக்கி மூடியைக் கண்டேன். "அப்பா, கீது! கீதுப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் காவலாள் ஓடிவந்தார். அப்பா பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் அம்மாவின் ஞாபகம் வந்தது.

அப்பா ஒரு திட்டம் போட்டார். பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. சாமி புறப்பாட்டின்போது கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதி முனையில் எங்கள் தெருப் பெண்கள் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள், அதில் அம்மா தலைமை. சாமி போகும்வரை அகலமாட்டாள். அந்த நேரத்தில் வண்டியைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் ஒளித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமாம். கேட்டீர்களா கூத்தை! திருவிழா நாளில் மயிலாப்பூருக்குள் பின்வண்டி கட்டிய ஜீப்பை ஓட்டி வர நினைத்த ஒரே மனிதர் எங்கள் அப்பாவாகத்தான் இருப்பார்.

இன்னொரு தப்பும் நடந்தது. பட்டாளத்து டிரெய்லரின் முனையில் இருப்பது தடித்த இரும்பு வளையம். பாயின் ஜீப்பில் அதற்கேற்ற கொக்கி அதற்குள் உடைந்துபோயிருந்தது. பாய் ஒரு பெரிய போல்ட்டை வளையத்துக்குள் விட்டு, வழியில் கழன்றுவிடக் கூடாதே என்று அதன் முனையைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கிவிட்டார். இனி பட்டறைக்குப் போனால்தான் பிரிக்க முடியும்.

அடையாறு தாண்டும்வரை ராஜ ஊர்வலம்தான். நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து, குதித்துக் குதித்து வரும் எங்கள் வண்டியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே வந்தேன். மந்தைவெளியில் தடுப்பு. போலீஸ்காரர் திருப்பிவிட்டார். அடுத்த தெருவிலும் தடுப்பு. பாய் ஒரு சந்துக்குள் விட்டார், அதிலிருந்து வெளியே வந்து திரும்பினால் நேராக மாட வீதி. எதிரே நாகஸ்வரமும் தவிலும் முழங்க, ஆட்கள் தோளில் சுமக்கச் சாமி வருகிறது!

"இன்னா நைனா, சாமி வர்ற வழில வண்டிய வுட்டுக்கினு!" என்று நாலு பக்கமும் கூச்சல். பாய் வந்த சந்துக்குள்ளேயே திரும்பப் பின்னால் எடுத்தார். டிரெய்லர் ஒரு பக்கமாக மடங்கிக்கொண்டு சுவரில் முட்டியது. முன்னால் இழுத்து மறுபடி எடுத்தார். இந்தப் பக்கம் மடங்கியது. அப்பா கீழே குதித்து, "ஸ்டியரிங்க லெஃப்ட்ல ஒடி, பாய்! லெஃப்ட்ல!" என்று கத்தினார், இன்னும் மோசமாக மடங்கியது. கழற்றித் தள்ளலாம் என்றால் போல்ட் வராது. சாமி தூக்குகிறவர்கள் பாரத்தோடு நின்றுவிட்டார்கள், அவர்கள் கழுத்து நரம்பு புடைத்தது இங்கிருந்தே தெரிந்தது. "கவுத்துப் போடுங்கடா அந்தத் தொட்டிய!" என்று ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மோர்க் கரண்டியும் கையுமாக அம்மா வந்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிறகு கவிழ்க்க வந்த ஆளை, "கைய எட்றா!" என்று ஒரு அதட்டு. நேரே ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பாய் அண்ணே, அவரு பேச்சக் கேக்காதீங்க. எந்தப் பக்கம் அது போவணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஒடிங்க. இப்ப ரைட்ல ஒடிங்க. கொஞ்சம்! போதும். நேராக்குங்க. ஆ, வரட்டும் வரட்டும்..."

வால் பிடித்து இழுத்த கன்றுக்குட்டி மாதிரி டிரெய்லர் மெல்லச் சந்துக்குள் திரும்பியது. கூட்டம் மொத்தமும், "வரட்டும்! வரட்டும்!" என்று அம்மாவோடு சேர்ந்து கத்த ஆரம்பித்தது. கடைசியில் ஜீப்பின் மூக்கும் உள்ளே போனதும் தவில்காரர் ஓங்கி ஒரு அடி அடித்தார், சாமி நகர்ந்தது, அம்மா கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்று அப்பா ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"தெனம் விடியக்காலைல வாசல்ல கோலம் போட அந்தச் சனியன நகர்த்தறது யாரு? உங்க ஆத்தாளா? வண்டிக் கைய இப்படித் தள்ளுனா பின்னாடி அப்படிப் போவும். அது எனக்குத் தெரியாதா?"

வீடு வந்தோம். மூன்று பேரும் தீர்ப்புக்குக் காத்து நின்றோம். பாய் கூட டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவே ஆரம்பித்தார்: "கபாலி மேல சத்தியம் பண்ணிட்ட... காலைல இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பவா?"

அம்மா டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முட்டி நசுங்கிய மூலையை முந்தானையால் துடைத்தாள். "கபாலி முன்னாடியே, அத்தினி பேரு பார்க்க நான் இட்டாந்த வண்டி இது. இத எவன் வெட்டுறான்னு நானும் பார்க்கிறேன்!" என்றாள். அப்பா அழுதே விட்டார். நான் தொட்டிக்குள் ஏறிக் குதித்த குதி தெருவுக்கே கேட்டிருக்கும். அதற்குப் பிறகு எல்லா ஏலத்துக்கும் நாலு பேராகப் போனோம், புளியோதரைப் பொட்டலத்தோடு. காசால் சுரண்டுவதில் அப்பாவை மிஞ்சிவிட்டாள் அம்மா. வண்டி எந்த வருஷத்தது என்று சொல்வதில் இருவருக்கும் நடக்கிற சண்டை மறுநாள் காலை காபிவரை ஓயாது.

இப்போது ஏலமெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. வண்டிகளை வெட்டமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த ஆட்களாகப் பார்த்துக் கொடுத்தோம். பாய் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவும் போய்விட்டார். அம்மா வேளச்சேரியில் என்னோடு இருக்கிறாள்.

போன வாரம் காரில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு வேன், ஜெனரேட்டர் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பின்னாலயே போடி! வுடாத!" நான் சிக்னலையும் தாண்டி விரட்டினேன். அருகே போனதும் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி வளையத்தைப் பார்த்தாள், அச்சைப் பார்த்தாள். "மஞ்சப் பெயிண்ட் அடிச்சு ஏமாத்துறான். பட்டாளத்து வண்டிதான். நம்பள்து மாதிரி பழசு!" என்று கத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்போடு அப்படியே பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து, "சரிதானேங்க?" என்று கேட்டாள்.

பின் சீட்டில் யாரும் இல்லை. அதெல்லாம் கிடையாது என்று அப்பா சண்டைக்கு வருவார் என நானும் ஒரு நொடி காத்திருந்தேன்.