வெற்றிலை போட்ட வாயும் நீலமாக நின்ற குழாயும்

மஜீத் காக்கா மௌத்தாகிவிட்டார் என்று காலையில் தொலைபேசியில் சொன்னார்கள். பழுகாமத்திலிருந்து பஸ் பிடித்துக் காத்தான்குடி போய்ச் சேர்வதற்குள் நல்லடக்கம் முடிந்திருந்தது. அவர் விஷயத்தில் நான் பிந்திப்போனது அது முதல் தடவையல்ல.

இந்தப் பழைய மாணவர் மலரை வாசிக்கும், எங்கள் பாடசாலையில் உயிரியல் படித்த உங்களுக்கு அவரைத் தெரியும். நான் ஆசிரியர், அவர் ஆய்வுகூட உதவியாளர். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்ற நொதியம் மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் என்று நான் வாயால் சொல்வேன். அவர் செய்து காட்டுவார். மாக்கரைசல் காய்ச்சி, சோதனைக்குழாயில் தன் உமிழ்நீரையே கலந்து வைப்பார். பிறகு அயடீன் விட்டால் நீலம் வராது. மாப்பொருள் உடைந்துவிட்டது என்று அர்த்தம். நான் அவசரப்பட்டால், "நொதியம் நம்மட மணிக்கூட்டைப் பாக்காது சேர், கொஞ்சம் பொறுங்க" என்பார்.

கல்வி அதிகாரி ஒருவர் மேற்பார்வைக்கு வந்த அன்று, பெருமைக்காக நானே உமிழ்நீர் கொடுத்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு நேரே வகுப்புக்கு வந்திருந்தேன். "வாயை நல்லாக் கொப்புளிச்சிட்டு வாங்க சேர்" என்று காக்கா காதோடு சொன்னார். கேட்டால்தானே! அயடீன் விட்டதும் குழாய் கருநீலமாக நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். "கரைசலைப் பிழையாகக் காய்ச்சிட்டார்" என்று அவரைக் கைகாட்டினேன். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். "ஓம், பிழை என்னிலதான்" என்றார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த தவணையே காக்காவுக்கு வாகரைக்கு இடமாற்றம் வந்தது. ஓய்வு பெறும்வரை அத்தனை தூரம் போய்வந்தார்.

மேற்பார்வைக்கு மறுநாளே நான் தனியாகச் செய்து பார்த்திருந்தேன். வெற்றிலை போடுமுன் எடுத்த உமிழ்நீர் மாப்பொருளை உடைத்தது. போட்டபின் எடுத்தது உடைக்கவில்லை. சுண்ணாம்பு நொதியத்தைக் கெடுத்திருந்தது. ஒரு கடிதம் எழுதியிருந்தால் இடமாற்றம் நின்றிருக்கும். எழுத வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமும் அந்த வெட்கத்தையே கட்டிக்கொண்டிருந்தேன்.

நல்லடக்கத்தன்று காக்காவின் வீட்டில், விஞ்ஞானம் படிப்பிக்கும் அவருடைய மகள் என்னிடம் சொன்னார்: "வெத்திலை போட்ட வாயால இந்தச் சோதினை சரிவராது எண்டு வாப்பா எங்களுக்குச் செஞ்சி காட்டினவர் சேர். ஒரு சேர் அப்பிடித்தான் பிழை விட்டவராம். ஆரெண்டு எவ்வளவு கேட்டும் சொல்லல்ல. 'நல்லாப் படிப்பிக்கிற மனிசன், பேரை விடுங்க' எண்டிட்டார்."

அப்போதும் நான் வாய் திறக்காமல் எழுந்து வந்தேன்.

காக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அவர் எனக்காகக் காத்த அந்த மௌனம்தான். இனியும் அதை வைத்திருக்க எனக்கு உரிமையில்லை. இந்த மலரை வாசிக்கப்போகும் காக்காவின் மகளுக்கும் சொல்கிறேன்: மகள், அந்தச் சேர் நான்தான்.