பாறைக்குள் ஒரு செடி

வேட்டு வெடித்தால் முதலில் உள்ளங்கால் அதிரும், அதன் பிறகுதான் காதில் சத்தம் விழும். பாலக்காட்டின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டியிருந்த எங்கள் ஊரில், "கரடு" என்று நாங்கள் அழைத்த குன்றைக் குடைந்துகொண்டிருந்த கல்குவாரியில் தினமும் இரண்டு முறை அப்படி வெடிக்கும். குவாரிக்கு மிக அருகில் இருந்தது என் அப்பாவின் அக்கா ருக்மணி அத்தையின் வீடு. அதன் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது. கிணறும் வற்றிக்கொண்டு வந்தது.

நான் ஒன்பதாவது படித்த வருடம், அத்தையின் வேலியோரம் வந்து விழுந்திருந்த ஒரு பிளவுக்கல்லில், தண்டும் கிளையும் இலையுமாக, கறுப்பு மையில் அச்சடித்தது போல ஒரு செடியைக் கண்டேன். புதைபடிவம் பற்றிப் பாடத்தில் படித்திருந்த நான், இது தெரிந்தால் அரசாங்கமே குவாரியை மூடிவிடும் என்று அத்தையிடம் அடித்துச் சொன்னேன். மனு எழுதியதும் நான்தான்.

"கெணத்தையும் செவுத்தையும் எழுதுலியா கண்ணு?" என்று அத்தை கேட்டார்.

அதெல்லாம் எல்லோரும் எழுதுவது, இது ஒன்றே போதும் என்றேன். படிக்கிற பிள்ளை சொல்கிறாளே என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஜியாலஜி அதிகாரி ஒருவர் வந்தார், இளம்பெண். கல்லைக் கழுவி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "இது செடி இல்ல அம்மா. பாறை விரிசல்ல தண்ணி எறங்கி, மாங்கனீசு கறை படிஞ்சா இப்படி வரும். இந்தப் பாறை உண்டானப்ப பூமியில செடியே கிடையாது."

"செவுரு வெடிச்சிருக்குதுங்க மேடம், அதையாச்சும் பாருங்க" என்றார் அத்தை.

பார்த்தார். பார்த்துவிட்டு, "மனுவில இது இல்லல்லோ, வேற மனு கொடுக்கணும்" என்றார்.

கொடுத்தோம். அதற்குள் குவாரியின் அனுமதி புதுப்பிக்கப்பட்டிருந்தது. அடுத்த மழையில் அந்தச் சுவர் விழுந்தது. பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போன அத்தை அங்கேயே இறந்தும் போனார். ஒருநாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

கல் தீர்ந்ததும் குவாரி தானாக நின்றது. இப்போது அங்கே கம்பிவேலிக்குள் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் இருக்கிறது. போன மாதம் அத்தையின் மகள் அந்த நிலத்தை விற்கலாமா என்று பார்க்க வந்தாள். நானும் கூடப் போனேன். பத்திரத்தை விரித்து எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"கெழக்கால கரடுன்னு போட்டிருக்குது. எதைக் காட்டறது?" என்றாள்.