தினமும் ஒரு விரல் அகலம்

என் வீட்டுக்காரருக்குக் கதவு, ஜன்னல் மாட்டுகிற வேலை. ஊரில் எல்லோருக்கும் அவர் 'டேப்'. அளவெடுக்கிற டேப் இல்லாத சட்டைப்பையோடு அவரை யாரும் பார்த்ததில்லை. வாய்ப்பேச்சையும் அளந்துதான் விடுவார். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால்கூடக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் "ம்" வரும். இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியதற்கு எனக்குச் சிலைதான் வைக்கவேண்டும்.

சாயங்காலம் டிவியில் ஒரு சிரிப்புத் தொடர் வரும். ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நான்கு நண்பர்கள், நாளுக்கொரு குறும்பு. நான் சிரிப்பதற்காகப் பார்ப்பேன், இவர் குற்றம் கண்டுபிடிக்கப் பார்ப்பார்.

"அந்தக் கதவுக்குக் கீல் எந்தப் பக்கம் இருக்கு பாத்தியா? அது உள்பக்கமா தொறக்கவே தொறக்காது. போன வாரம் ஜன்னல் இருந்த இடத்துல இப்ப அலமாரி நிக்குது."

மனுஷியைச் சிரிக்க விட்டால்தானே.

ஒரு நாள் தொடரில், தூங்குமூஞ்சி நண்பனுடைய கட்டிலையும் நாற்காலியையும் மற்றவர்கள் தினமும் ஒரு விரல் அகலம் நகர்த்தினார்கள். கடைசியில் அவன் உட்காரப் போய்த் தரையில் விழுந்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

"நடக்காது," என்றார் இவர். "வீட்ட கண்ணு பாக்கறதில்ல, உடம்புதான் பாக்குது. ரெண்டாம் நாளே தெரிஞ்சுடும்."

"எல்லாரும் உங்கள மாதிரி டேப்ப முழுங்கிட்டா பொறந்திருக்காங்க?" என்றேன்.

அதோடு மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லவே இப்போது பயமாக இருக்கிறது.

சில நாளில் மேஜை முனையில் முட்டி இடித்தது. கட்டிலிலிருந்து இறங்கினால் தோள் சுவரில் உரசியது. ஸ்டூலில் வைத்த கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து சுக்குநூறானது. ஒரு நாள் காலை வீட்டையே தலைகீழாகப் புரட்டித் தேடிய, நான் வேலை பார்க்கும் கடையின் சாவி, ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. மாறிப்போனது வீடா, நானா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் என் கூடத்தில் நானே நின்றேன். அம்மாவுக்கும் என் வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றாள்.

எனக்கோ மருந்துக்கடையில் வேலை. எந்த மாத்திரை எந்த டிராயர் என்று கண் தேடுவதற்குள் கை போய்விடும். அந்தக் கையை இனி எப்படி நம்புவது? மாற்றி எதையாவது கொடுத்துத் தொலைத்தால்? யாரிடமும் சொல்லாமல் டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கினேன்.

அன்று சாயங்காலம், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "கடை வேலைய விட்டுடலாம்னு இருக்கேங்க," என்றேன். ஏன் என்று கேட்டார். டாக்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

இவர் முகம் செத்துப்போயிற்று. டிவியை நிறுத்தினார்.

"நான்தாம்மா நகத்தினேன். டிவில காட்டறது நிஜமா நடக்குமான்னு பாக்கத்தான். நீ ஒண்ணுமே சொல்லல, சரி, உனக்குத் தெரியல போலன்னு நெனச்சேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்கி நின்றபிறகு, ஒவ்வொன்றாக விசாரித்தேன்.

"மேஜை?"

யோசித்தார். "நாலு விரல்."

"ஸ்டூல்?"

மேலே பார்த்துக் கணக்குப் போட்டார். "அஞ்சு இருக்கும்."

"கட்டில்?"

"அது... மூணுதான். கனம்."

அத்தனை கோபத்திலும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, என் தலை சரியாகத்தான் இருக்கிறது.

"சாவிய ஃபிரிட்ஜுல வெச்சது?"

"அதுவும் நான்தான்," என்றார் உடனே.

இத்தனை வருஷத்தில் இவர் அளக்காமல் சொன்ன பதில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. சாவியை எதற்கு ஒளித்துவைக்கவேண்டும்? தொடரில் அப்படி எதுவும் வரவில்லையே. வந்ததா? எதை நம்புவது என்றே எனக்குப் புரியவில்லை.

"அப்ப டாக்டர்கிட்ட வரலன்னு சொல்லிடவா?" என்றேன்.

பையிலிருந்து டேப்பை எடுத்தார். இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். பதில் வர வெகு நேரமாயிற்று.

"நேரம்தான் வாங்கியாச்சே, போயிட்டு வந்துடுவோம்," என்றார். "நானும் வர்றேன்."