கோபுரத்தைப் பிடித்துக்கொண்ட மீன்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்த மகளுக்காக மீன் தொட்டி வாங்கினேன். அந்தத் தொட்டியில் ஒரு கறுப்பு வரி மீன் மற்றவற்றைக் கடித்துத் துரத்தியது. ஒன்று செத்ததும் மகள் சாப்பாட்டைத் தொடவில்லை.

எங்கள் ஊர் திருப்பதியில் வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் ஓடிப்போய், கைபேசியில் தொட்டியின் படத்தைக் காட்டினேன். தடித்த மனிதர். எதையும் மூக்கருகே பிடித்து வெகுநேரம் பார்ப்பார்.

"பொம்மைக் கோபுரம் யார் சார் வச்சது?"

"நான்தான், அழகுக்கு."

"கறுப்பு மீனு அத்தப் புடிச்சிக்கினு கீது சார். யாருக்கும் தரிசனம் உடல!" என்று குலுங்கிச் சிரித்தார். "அந்த மீன மட்டும் ஒரு நாள் வேற தண்ணில வைங்க. கோபுரம், கல்லு எல்லாம் எடம் மாத்துங்க. அத்தக் கடைசில உடுங்க. புது ஊர்னு நெனச்சிக்கினு க்யூல நிக்கும்."

அப்படியே நடந்தது. "நைனா, ரவுடி க்யூல நிக்குது!" என்று மகள் கத்தினாள். அன்று மூன்று தோசை சாப்பிட்டாள்.

அதைக் கடைக்காரரிடம் சொல்லப் போனேன். "பாப்பா கால் எப்படி கீது?" என்றார்.

நான் மகளைப் பற்றிச் சொல்லவே இல்லையே!

"போட்டோல, தொட்டிக் கண்ணாடில கட்டுப் போட்ட சின்னக் கால் தெரிஞ்சிச்சே சார்."

நான் எத்தனையோ முறை பார்த்த படம். எனக்கு மீன் மட்டும்தான் தெரிந்திருந்தது.