எட்டாவது குறி

1999இல் வவுனியாவில் ஒரு நிவாரண அலுவலகத்தின் மின்னஞ்சல் கணினியைப் பார்த்துக்கொண்டவர் ஸ்ரெல்லா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். கணவர் ஸ்ரனிஸ்லஸ் கடற்தொழிலை விட்டு நோர்வேக்குப் போனதும் மின்னஞ்சலில் முதலில் அனுப்பிய கடிதம் மூன்று பக்கம். தமிழில் தட்டச்சுச் செய்தது. வந்து சேர்ந்தபோது அதில் ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

"ஸ்ரெல்லாக்கா, அண்ணைக்குப் பதிலா கணவாய் மீனோ எழுதினது? மை கக்கின மாதிரிக் கிடக்கு," என்றாள் பக்கத்து மேசைப் பத்மாசனி.

"சிரியும், சிரியும். உமக்கு ஒருத்தன் எழுதேக்க நான் சிரிக்கிறன்."

பிறகு கணவர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினார். சுகம், குளிர், வேலை. நாலு வரியைத் தாண்டவில்லை. அந்த மூன்று பக்கத்தையும் வாசித்துவிட வேண்டும் என்பதே ஸ்ரெல்லாவின் ஏக்கமாயிற்று.

அலுவலகத்தில் இணையப் பக்கங்களைப் பார்க்க வழியில்லை, மின்னஞ்சல் மட்டுந்தான். கேட்டால் ஆவணங்களை மின்னஞ்சலிலேயே அனுப்பிவைக்கும் வெளிநாட்டுக் கணினி ஒன்றுக்கு எழுதினார். தமிழைச் சிதைத்த அலுவலகத்துப் பழைய அஞ்சல் மென்பொருளை மாற்றுவது எப்படி என்ற விளக்கம், அந்தப் பழைய மென்பொருள் வழியாகவே துண்டு துண்டாக வந்தது. யாரோ முகம் தெரியாதவர் பொறுமையாக எழுதியது. ஒவ்வோர் எழுத்தும் பூச்சியமும் ஒன்றுமான எட்டுக் குறிகளாகப் பயணம் செய்கிறது. பழைய மென்பொருள் எட்டாவதை வெட்டிவிடும். ஆங்கிலத்துக்கு ஏழு போதும் என்றிருந்தது. தமிழுக்குப் போதாது என்பது ஸ்ரெல்லாவுக்கு விளங்கியது. வெட்டுப்பட்டது திரும்பி வராது என்றும் அதில் இருந்தது. அந்த வரியை அவர் இரண்டாந்தரம் வாசிக்கவில்லை.

பொறுப்பாளர் வீரகத்தி தயங்கினார். "ஓடுற மிசினில கை வைக்கப் போறீர். நிண்டு போச்செண்டா?"

"பழைய அமைப்பை முதல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கு ஐயா. நிண்டா திருப்பிப் போடுறன்."

"அப்ப ஞாயிறு செய்யும். திங்கள் காலமை மெயில் ஓடோணும்."

அந்த ஞாயிறு ஸ்ரெல்லா தேவாலயப் பூசைக்குப் போகவில்லை. திங்கள் காலை மெயில் ஓடியது. முதலில் கணவருக்குத்தான் எழுதினார்: 'அந்த முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கோ.'

பதில் தமிழில் வந்தது, எழுத்தெல்லாம் தெளிவு.

'அது கூட்டாளியின்ர கொம்பியூட்டரில எழுதினது, இப்ப இல்லை. வந்த புதிசு, அழுதழுது எழுதினனான். என்ன எழுதினனெண்டு ஞாபகமில்லை ஸ்ரெல்லா. இப்ப பழகிப்போச்சு.'

பழகிப்போச்சு என்ற சொல்லை ஸ்ரெல்லா இரண்டாந்தரமும் வாசித்தார். பிறகு தட்டினார்: 'ஞாபகம் வந்தா எழுதுங்கோ. இனி எல்லாம் வந்து சேரும்.'