பால் புட்டியைத் தொடர்ந்து தாசேக் கெலுகோருக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு தாசேக் கெலுகோருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே செம்பனைத் தோட்டத்தை ஒட்டி என் தங்கை மாலா இருக்கிறாள். பத்து மாதமான அவள் மகன் கவினுக்கு இரண்டே மாதத்தில் மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கு. "பல்லு மொளைக்குதுண்ணே" என்று போனில் சொன்னாள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. தொழிற்சாலையில் ஒரு பொருள் எந்தக் கட்டத்தில் பழுதானது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. ஒரே பழுது மூன்று முறை வந்தால் விடமாட்டேன்.

தீவில் நான் இருக்கும் டத்தோ கிராமாட்டிலிருந்து காலை ஏழரைக்குக் காரை எடுத்தேன். கடல் பாலம் வழியாக நாற்பது கிலோமீட்டர் சொச்சம், எட்டே முக்காலுக்குச் சேர்ந்தேன். பாலத்துக்கான டோல் கட்டணம் தீவுக்குத் திரும்பும்போது மட்டும்தான், ஏழு வெள்ளி. பின் சீட்டில் ஒரு பெட்டி மினரல் தண்ணீர். குடிதண்ணீர்தான் குற்றவாளி என்று வழியெல்லாம் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

கவின் துவண்டு கிடந்தான். அழுதான், கண்ணில் ஈரமே இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்படியே காரில் ஏற்றினோம். பத்து நிமிடத்தில் அரசாங்க கிளினிக், பதிவுக்கு ஒரு வெள்ளி. அங்கிருந்த தமிழ் நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸி, உப்புக் கரைசலைக் கொடுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டச் சொன்னார்.

"பல்லுன்னு நெனச்சேன் மிஸி" என்றாள் மாலா.

"பல்லு இப்படிப் பேதிய கொண்டு வராது லா. அழறப்ப கண்ணீர் வரல பாத்தீங்களா? ஒண்ணுக்கும் போகலன்னா பெரிய ஆஸ்பத்திரிதான்."

மாலா கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டரைக்கு அவன் அவள் மடியை நனைத்தான். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

வீட்டில் அடுத்த பாலை ஆரம்பத்திலிருந்து கவனித்தேன். மாலா சோப்புப் போட்டுக் கை கழுவினாள். புட்டியைக் கொதிக்க வைத்தாள். ஃபிளாஸ்க்கில் இருந்ததும் கொதித்த தண்ணீர்தான். என் மினரல் பெட்டிக்கு வேலையே இல்லை. பால் சூடு, கவின் கத்தல்.

"கொஞ்சம் ஆத்திக் குடுண்ணே."

எங்கள் வீடுகளில் எப்போதும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மேல்மூடியைக் கழற்றிவிட்டு, குளியலறை வாளியில் புட்டியைக் கழுத்துவரை அமுக்கிச் சுழற்றினேன். உறிஞ்சும் ரப்பர் மேல் தண்ணீர் தெறித்தது. அப்போதுதான் உறைத்தது.

"மாலா, இது எங்க புடிச்ச தண்ணி?"

"வெளிய டிரம்ல மொண்டது. பைப்பு மெதுவாத்தானே வருது."

எட்டிப் பார்த்தேன். மூடாத டிரம்மின் விளிம்பில் இரண்டு கோழிகள்.

"தெனமும் இப்படித்தாண்ணே ஆத்துறேன். அப்ப இந்தப் பேதிய நாந்தான் குடுத்தேனா?"

"நானும் இப்ப குடுக்கத்தானே பாத்தேன்" என்றேன். பாலைக் கொட்டினேன்.

கைக்குழந்தையோடு இந்தப் பக்கம் வருகிறவர்கள் உப்புக் கரைசல் பாக்கெட் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். டிரம்மை மூடி வைக்கச் சொல்லுங்கள். புட்டியை மூடியோடு காற்றில் ஆறவிடுங்கள். கண்ணீர், சிறுநீர் குறைந்தால் காத்திருக்காமல் கிளினிக்குக் கிளம்புங்கள்.

அன்று புதிதாகக் கலக்கிய பாலை மாலா மூடியை இறுக்கி ஃபேன் முன்னால் வைத்தாள். கால் மணி நேரம். கவின் வீடே அதிரக் கத்தினான்.

"அழட்டும்ணே" என்றாள், புட்டியைத் தொடாமல்.

அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.