பின்னால் கோத்த கைகள்

செஞ்சி பேருந்து நிலையத்தில் மேல்மலையனூர் வண்டிக்காகக் காத்திருந்தபோது அவளைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், தூக்கமில்லாத கண்கள். பலூன் கிடைக்காத ஆத்திரத்தில் அவளுடைய நான்கு வயது மகள் தரையில் புரண்டாள். எழுந்து வந்து அம்மாவின் மணிக்கட்டைக் கடித்தாள். அம்மாவோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு வையிம்மா" என்றார் பக்கத்தில் கடை போட்டிருந்த பூக்காரர். அவள் அசையவில்லை.

மகள் ஓய்ந்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளின் மடியில் படுத்த பிறகு, "ஏம்மா கையக் கட்டிக்கினு நின்ன?" என்று கேட்டேன்.

"எங்க நைனா என்னைத் தெனம் அடிப்பாருக்கா. நானும் கை ஓங்கினா நிறுத்த மாட்டேன். ஒரு வாட்டி இவகிட்ட அப்படி ஆயிடுச்சு. இன்னிக்கும் யாராச்சும் கத்தினா எனக்கு ஒடம்பு நடுங்குது. நான் பதறுனா இவளும் பதறுறா. நான் அடங்கினாதான் இவ அடங்குவான்னு டாக்டரம்மா சொல்றாங்க. மாத்திர சாப்புடுறேன்."

சற்று நிறுத்தி, என் பக்கம் குனிந்தாள்.

"நீங்க வெளி ஆளு, உள்ளத சொல்லுங்கக்கா. இவ என்னைப் பாத்து பயப்படுறாளா?"

குழந்தை இமைக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா" என்றேன். அவள் கண் கலங்கியது. அதற்குள் வண்டி வந்துவிட்டது.

நான் சொன்னது உண்மைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.